சுமையும் காலமும்: சாந்தோம் பழங்கட்டடப் பொருள்களை முன்வைத்து ஊர்வு பற்றிய ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

மாறாத சுமையைத் தாங்கி நிற்கும் பொருள், அச்சுமை கூடாத நிலையிலும், காலப்போக்கில் சிறிது சிறிதாக உருத்திரிவதைப் பொருளறிவியல் ஊர்வு எனக் குறிக்கிறது. சென்னை சாந்தோம், மயிலாப்பூர்ப் பகுதிகளின் பழங்கட்டடங்களில் பயின்றுவரும் தேக்குக் கட்டை, ஈயத்தில் பிணைத்த வண்ணக் கண்ணாடி, கற்காரை ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஊர்வின் இயல்பை விளக்குகிறது. தகைவு, திரிபு, மீட்சி, ஊர்வு, தொய்வு ஆகிய கலைச்சொற்களின் பொருளெல்லைகளையும் வரையறுக்க முற்படுகிறது. ஒரு கூரை எவ்வளவு தொய்ந்துள்ளது என்பதைவிட, அத்தொய்வு எவ்வேகத்தில் வளர்கிறது என்பதே அதன் நிலையை அறிவிக்கும் என்பது இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: ஊர்வு, தகைவு, திரிபு, தொய்வு, மெட்ராஸ் டெரஸ், சாந்தோம், கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

போர்த்துக்கீசியர் புனித தோமையாரின் பெயரால் வழங்கிய குடியேற்றமே இன்றைய சாந்தோம். 16ஆம் நூற்றாண்டில் அவர்கள் எழுப்பிய தேவாலயம் இருந்த இடத்தில், 1893இல் தொடங்கி 1896இல் அர்ச்சிக்கப்பட்ட புதுக்கோதிக் பாணிப் பேராலயம் இன்று நிற்கிறது. அதனைச் சூழ்ந்த தெருக்களிலும், மேற்கே மயிலாப்பூர் மாடவீதிகளிலும் 19ஆம் நூற்றாண்டு, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி ஆகிய காலங்களைச் சேர்ந்த வீடுகள் சில இன்றும் எஞ்சியுள்ளன. அத்தகைய வீடொன்றின் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவர், மேற்கூரையைத் தாங்கும் தேக்குக் கட்டைகள் நடுவில் சற்றே கீழிறங்கியிருப்பதைக் காணலாம். இதனைக் கண்டவுடன் இரு முடிவுகள் எழுவது இயல்பு. கட்டடம் விழப்போகிறது, இடித்துவிட வேண்டும் என்பது ஒன்று. நூறாண்டுகளாக இப்படித்தான் இருக்கிறது, அஞ்ச வேண்டியதில்லை என்பது மற்றொன்று. இரண்டும் ஆராயாமல் கூறப்படுபவை. நல்ல கட்டடம் இடிபடுவதற்கு முதல் முடிவும், உயிர்கள் இடருக்கு உள்ளாவதற்கு இரண்டாம் முடிவும் காரணமாகலாம்.

இவ்விரண்டிற்கும் இடையே சரியான முடிவை எட்டத் தேவைப்படும் அறிவு, ஊர்வு பற்றிய அறிவாகும். அவ்வறிவைத் தமிழில் ஐயமின்றிச் சொல்வதற்கு உரிய சொற்கள் வேண்டும். அச்சொற்களை வரையறுப்பதில் தமிழாய்வாளருக்கும் பங்குண்டு என்பதால் இப்பொருள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

சொற்களும் பொருளெல்லைகளும்

ஒரு பொருளின் மீது புறவிசை செயற்படும்போது அதனை எதிர்த்து நிற்கும் உள்விசை பொருளுக்குள் தோன்றுகிறது. ஓரலகுப் பரப்பில் அமையும் அவ்வுள்விசையே தகைவு. தகைதல் என்பதற்குத் தடுத்தல், நிறுத்துதல் என்னும் பொருள்கள் உண்டு. ஆதலின், எதிர்த்துத் தடுக்கும் உள்விசையைச் சுட்ட இச்சொல் நன்கு பொருந்துகிறது. இலங்கைப் பாடநூல்கள் இதனைத் தகைப்பு என வழங்குகின்றன.

தகைவின் விளைவாகப் பொருளின் அளவில் ஏற்படும் மாற்றத்திற்கும் அதன் தொடக்க அளவிற்கும் உள்ள விகிதம், தமிழ்நாட்டு வழக்கில் திரிபு எனவும் இலங்கை வழக்கில் விகாரம் எனவும் குறிக்கப்பெறுகிறது. 3 மீட்டர் நீளக் கம்பி 3 மில்லிமீட்டர் நீண்டால் திரிபு 0.001 ஆகும். இவ்விரு சொற்களும் தமிழிலக்கண மரபில் ஏற்கெனவே இடம்பெற்றவை என்பது கருதத்தக்கது. புணர்ச்சியில் ஏற்படும் மாற்றத்தைத் தொல்காப்பியம் திரிபு என்னும் சொல்லால் சுட்டி, மாற்றமின்றி நிற்பதை இயல்பு என்கிறது. நன்னூல் அவ்விடத்தில் விகாரம் என்னும் சொல்லைப் பொதுப்பெயராக ஆள்கிறது. இருவழக்கும் ஒரே கருத்தின் இரு மரபுப் பெயர்கள் போல இன்று இயற்பியலிலும் அருகருகே நிற்கின்றன.

சுமையை நீக்கியதும் பொருள் தன் பழைய வடிவை அடையும் பண்பு மீட்சி. சுமை நீங்கிய பின்னும் மாற்றம் நிலைத்திருக்குமாயின் அது மீளாத் திரிபு. இவ்விரண்டையும் பிரித்தறியக் கயிற்றுக் கட்டில் நல்ல எடுத்துக்காட்டு. ஒருவர் அமர்ந்ததும் கயிறு தாழ்கிறது, எழுந்ததும் பெருமளவு மேலெழுகிறது. இது மீட்சி. சில திங்கள் கழித்து, யாரும் அமராத போதும் கட்டில் நடுவில் குழிந்திருக்கிறது. அதனால்தான் காலிழுத்துக் கட்ட வேண்டியிருக்கிறது. படுத்தவரின் எடை கூடவில்லை, கயிறும் அறவில்லை. கூடியது காலம் ஒன்றே.

காலத்தால் விளையும் இத்திரிபையே இக்கட்டுரை ஊர்வு என்கிறது. நகர்வு என்னும் சொல் முழுப்பொருளும் இடம்பெயர்வதை உணர்த்தும். நழுவல் என்பது ஒரு தளத்தின்மீது மற்றொரு தளம் சறுக்குவதைக் காட்டும். நின்ற இடத்தில் நின்றுகொண்டே, கண்ணுக்குப் புலனாகாமல் நிகழும் மெல்லிய மாற்றத்தைச் சுட்ட ஊர்தலே ஏற்றது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்னும் பழமொழியில் இச்சொல் சுமந்து நிற்கும் பொருளும், சிறுமையும் தொடர்ச்சியும் சேர்ந்து பெருவிளைவை உண்டாக்கும் என்பதே. தொய்வு என்பது வேறு. அது விட்டத்தில் கண்ணால் காணும் வடிவம். ஊர்வு அத்தொய்வுக்குரிய காரணங்களுள் ஒன்று. காரணத்தையும் விளைவையும் ஒரே சொல்லால் குறித்தால் ஆய்வறிக்கையில் குழப்பம் நேரும்.

ஊர்வின் மூன்று நிலைகள்

மாறாச் சுமையின்கீழ் வைக்கப்பட்ட பொருளின் திரிபைக் காலத்திற்கு எதிராக வரைந்தால், பல பொருள்களில் மூன்று பகுதிகள் உடைய கோடு கிடைக்கிறது. சுமை ஏற்றிய கணத்தில் மீட்சித் திரிபு தோன்றுகிறது. அதன்பின் வரும் முதல்நிலை ஊர்வில் திரிபு விரைந்து தொடங்கி, வேகம் குறைந்துகொண்டே வருகிறது. இடைநிலையில் வேகம் ஏறத்தாழ மாறாமல் நிற்கிறது. இந்நிலை மிக நீண்டது. இறுதிநிலையில் உட்பிளவுகளும் வெற்றிடங்களும் பெருகுவதால் வேகம் மீண்டும் கூடி, முறிவில் முடிகிறது. சுமை சிறிதாயின் பொருள் இறுதிநிலையை எட்டாமலே தன் பயன்காலத்தைக் கடந்துவிடலாம்.

இத்துறையின் தொடக்கம் பாலங்களோடு தொடர்புடையது. தொங்குபாலங்களில் இரும்புக் கம்பிகளைப் பயன்படுத்தத் தொடங்கிய காலத்தில், பிரெஞ்சுப் பொறியாளர் லூயி விக்கா, முறிவுச் சுமையின் வெவ்வேறு பங்குகளைக் கம்பிகளில் தொங்கவிட்டு நெடுநாள் நோக்கினார். குறைந்த சுமையில் நீட்சி நின்றுவிட, மிகுந்த சுமையில் அது தொடர்ந்ததை 1834இல் வெளியிட்டார். சுண்ணாம்பு, சிமெண்டு பற்றிய ஆய்வுகளுக்காகவும் அறியப்பட்டவர் அவர். 1910இல் ஆண்ட்ரேடு, ஈயக் கம்பிகளைக் கொண்டு நடத்திய ஆய்வில் முதல்நிலை ஊர்வு காலத்தின் மூன்றாம் மூலத்திற்கு நேர்விகிதத்தில் வளர்வதைக் காட்டினார். இதன்படி ஓராண்டில் ஓரலகு ஊர்ந்த பொருள் இரண்டலகு ஊர எட்டாண்டுகளும், மூன்றலகு ஊர இருபத்தேழு ஆண்டுகளும் ஆகும். பழங்கூரையின் தொய்வில் பெரும்பகுதி அதன் இளமையிலேயே நிகழ்ந்திருக்கக்கூடும் என்பதை இவ்வகை வளர்ச்சி உணர்த்துகிறது.

தேக்குக் கட்டையும் ஈரமும்

சென்னைப் பழவீடுகளின் தட்டைக் கூரைக்கு மெட்ராஸ் டெரஸ் என்பது பெயர். தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின்மேல் சிறிய தட்டைச் செங்கற்களைக் குத்துவாட்டில் மூலைவிட்டமாக அடுக்கிச் சுண்ணச் சாந்தால் பிணைப்பர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, கட்டையால் அடித்து இறுக்குவர். மேலே தட்டோடு பதிப்பர். இக்கூரையின் எடை முழுவதும் இரவும் பகலும் நீங்காத நிலைச்சுமையாகும். ஊர்வுக்கு இதனினும் ஏற்ற சூழல் இல்லை.

ஒரு கணக்கீட்டால் இதனை விளக்கலாம். 3 மீட்டர் இடைத்தொலைவில், 75 மி.மீ. அகலமும் 150 மி.மீ. உயரமும் உடைய தேக்குக் கட்டைகள் 40 செ.மீ.க்கு ஒன்றாக அமைந்துள்ளன எனக் கொள்வோம். கூரையின் எடை சதுர மீட்டருக்கு 4.5 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 460 கிலோகிராம் எனவும், தேக்கின் மீட்சிக் குணகம் சதுர மில்லிமீட்டருக்கு 10,000 நியூட்டன் எனவும் கொண்டால், கட்டையின் நடுவில் உடனடித் தாழ்வு 9 மி.மீ. ஆகும். கட்டையில் தோன்றும் பெருமத் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 7.2 நியூட்டன். நல்ல தேக்கு தாங்கும் எல்லைக்குள் இது அடங்கும்.

காலம் இத்தாழ்வை எவ்வளவு மிகுவிக்கும் என்பது ஈரத்தைப் பொறுத்தது. ஐரோப்பிய மரக்கட்டுமான நெறிமுறையான யூரோகோடு 5, உலர்ந்த உட்புற மரத்திற்கு ஊர்வுக் காரணி 0.6 எனவும், நனையும் நிலையிலுள்ள மரத்திற்கு 2.0 எனவும் வகுத்துள்ளது. உலர்ந்த கூடத்தில் மேற்கண்ட கட்டையின் இறுதித் தாழ்வு 9 மி.மீ.இன் 1.6 மடங்கு, அதாவது 14.4 மி.மீ. கூரை ஒழுகி மரம் நனைந்தால் அது 3 மடங்கு, அதாவது 27 மி.மீ. மரம் ஒன்றே, சுமையும் ஒன்றே. ஈரத்தால் தொய்வு ஏறக்குறைய இருமடங்காகிறது.

இதன் காரணம் மரத்தின் நுண்ணமைப்பில் உள்ளது. மரத்தின் செல்லுலோசு இழைகளையும் சூழ்ந்துள்ள பிற பொருள்களையும் பிணைப்பவற்றுள் ஹைட்ரஜன் பிணைப்புகள் முதன்மையானவை. நீர் உட்புகும்போது அவை தளர்கின்றன. உலரும்போது புதிய இடங்களில் மீண்டும் பிணைகின்றன. சுமை கீழ்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கையில் இவ்வாறு அவிழ்ந்து பிணைவது, ஒவ்வொரு முறையும் கட்டையைச் சிறிது தாழ்ந்த வடிவில் நிலைப்படுத்துகிறது. ஆம்ஸ்டிராங், கிங்ஸ்டன் ஆகியோர் 1960இல் வெளியிட்ட ஆய்வு, ஈரம் மாறிமாறி வரும் மரம் ஒரே ஈரநிலையில் இருக்கும் மரத்தைவிட மிகுதியாக ஊர்வதைக் காட்டியது. கோடையில் காய்ந்து வடகிழக்குப் பருவமழையில் நனையும் சாந்தோம் கூரைக்கு இம்முடிவு நேரடியாகப் பொருந்தும்.

இங்கே ஒரு தீய சுழற்சி தொடங்குகிறது. தொய்ந்த தட்டைக் கூரையின் நடுவில் மழைநீர் தேங்குகிறது. தேங்கிய நீர் 1 செ.மீ. ஆழத்திற்குச் சதுர மீட்டருக்கு 10 கிலோகிராம் சுமையாகிறது. அதனினும் பெருந்தீங்கு, அது காரையின் விரிசல் வழியே இறங்கி மரத்தை நனைப்பது. நனைந்த மரம் மேலும் ஊர்கிறது, குழி ஆழமாகிறது, மேலும் நீர் தேங்குகிறது. ஒழுக்கை நிறுத்தப் பழைய காரையை அகற்றாமல் அதன்மேல் 5 செ.மீ. தடிப்பில் புதுக்காரை இடுவோர், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 90 கிலோகிராம் நிலைச்சுமையைக் கூட்டுகின்றனர். மேற்கண்ட கணக்கில் இது பழைய சுமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. நோய்க்கு இட்ட மருந்தே நோயை வளர்க்கும் நிலை இது.

ஓடுவது கண்ணாடியா, ஈயமா?

சாந்தோம் பேராலயம் போன்ற கோதிக் பாணிக் கட்டடங்களின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைப் பற்றி ஒரு நம்பிக்கை உலகெங்கும் வழங்குகிறது. கண்ணாடி ஒரு நீர்மம், நூற்றாண்டுகளில் அது கீழ்நோக்கி வழிந்து அடியில் தடித்துவிடும் என்பது அது. இந்நம்பிக்கை தவறானது. இடைக்கால ஐரோப்பியக் கண்ணாடியை ஒத்த கலவையை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, அறை வெப்பநிலையில் நூறு கோடி ஆண்டுகளில் அது ஓடும் தொலைவு அதிகம் போனால் ஒரு நானோமீட்டர் அளவே எனக் கணித்தது. பழைய கண்ணாடிகள் சில ஒரு விளிம்பில் தடித்திருப்பதற்கு, உருகிய கண்ணாடியை வட்டத் தட்டாகச் சுழற்றிச் செய்த முறையே காரணம்.

ஆயினும் பழைய வண்ணச் சாளரங்கள் புடைத்தும் வளைந்தும் போவது உண்மை. அங்கு ஊர்வது கண்ணாடித் துண்டுகளைப் பிணைக்கும் ஈயச் சட்டகம். ஒரு மாழை ஊருமா என்பதை அதன் உருகுநிலையோடு ஒப்பிட்டே அறிய வேண்டும். கெல்வின் அளவையில், உருகுநிலையின் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 பங்கைத் தாண்டிய வெப்பநிலையில் ஊர்வு குறிப்பிடத்தக்கதாகிறது. சென்னையின் 30 பாகை செல்சியசு என்பது 303 கெல்வின். ஈயத்தின் உருகுநிலை 600 கெல்வின். ஆகவே ஈயத்தைப் பொறுத்தவரை நம் அறை வெப்பநிலையே 0.5 பங்கு. அது எப்போதும் சூட்டில் இருக்கும் மாழை. இரும்பின் உருகுநிலை 1811 கெல்வின். அதற்கு நம் வெப்பநிலை 0.17 பங்கே. எனவேதான் சாளரத்தில் ஈயம் தொய்கிறது, அதைத் தாங்கும் இரும்புக் கம்பி தொய்வதில்லை. வெப்பத்தால் அணுக்கள் இடம்பெயரும் வாய்ப்புப் பெருகுவதும், படிகத்தில் உள்ள இடப்பிறழ்வுகள் தடைகளைத் தாண்டிச் செல்வதும் இதன் அடிப்படை.

இரும்பும் சூடேறினால் ஊரும். சாந்தோமிலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே சென்றால் கல்பாக்கம் வருகிறது. அங்குள்ள 500 மெகாவாட் முன்மாதிரி அதிவேக ஈனுலையில், உலையகத்திலிருந்து வெளிவரும் சோடியத்தின் வடிவமைப்பு வெப்பநிலை 547 பாகை செல்சியசு, அதாவது 820 கெல்வின். துருப்பிடிக்கா எஃகின் உருகுநிலையில் இது ஏறத்தாழ பாதி. எனவே அவ்வுலைக்குரிய எஃகுகளின் ஊர்வு, அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் முதன்மை ஆய்வுப் பொருள்களுள் ஒன்றாயிற்று.

நாற்பதாண்டு நிற்க வேண்டிய பொருளை நாற்பதாண்டு சோதித்துப் பார்க்க இயலாது. 1952இல் லார்சன், மில்லர் ஆகியோர் வகுத்த முறை, வெப்பநிலையைக் கூட்டிக் காலத்தைச் சுருக்க வழிகாட்டுகிறது. அம்முறையின் வழக்கமான மாறிலி 20 எனக் கொண்டால், 820 கெல்வினில் 40 ஆண்டுகள் இருப்பதும், அதே தகைவோடு 900 கெல்வினில் ஏறத்தாழ 78 நாள்கள் இருப்பதும் ஒப்பாகும். இது மதிப்பீடே. குறுகிய சோதனையில் தோன்றாத நுண்ணமைப்பு மாற்றம் நெடுங்காலத்தில் தோன்றலாம் என்பதால், பல்லாயிரம் மணிநேரச் சோதனைகளும் உடன் நடத்தப்பெறுகின்றன.

கற்காரையில் ஊர்வும் துருவும்

கான்கிரீட் எனப்படும் கற்காரையும் ஊரும். சிமெண்டும் நீரும் வினைபுரிந்து உருவாகும் கூழ்மப் பொருளின் நுண்துளைகளில் நீர் தங்குகிறது. சுமையின்கீழ் அந்நீர் இடம்பெயர்வதும் கூழ்மத்தின் ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவதும் ஊர்வுக்குக் காரணங்கள். இந்தியத் தரநிலை 456, இட்ட 7 நாளில் சுமையேற்றினால் ஊர்வுக் குணகம் 2.2 எனவும், 28 நாளில் 1.6 எனவும், ஓராண்டில் 1.1 எனவும் வகுத்துள்ளது. இக்குணகம் மீட்சித் திரிபின் மடங்காக மேலும் சேரும் திரிபைக் குறிக்கும். முட்டுகளை விரைந்து அகற்றிய தளம் காலமெல்லாம் மிகுதியாகத் தொய்வதன் காரணம் இதில் விளங்கும்.

கடலோரக் கட்டடங்களில் வேறொரு மாற்றத்தை ஊர்வோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. உப்புக்காற்றின் குளோரைடு உட்புகுந்து கம்பி துருப்பிடிக்கும்போது, துரு பருத்துக் கற்காரையைப் பிளந்து பெயர்க்கிறது. இது வேதிச் சிதைவு. ஊர்வால் தொய்ந்த தளத்தில் விரிசல் பெரும்பாலும் இழுவிசை மிகும் நடுப்பகுதியின் அடியில், கம்பிக்குக் குறுக்காக அமையும். துருவால் பிளந்த தளத்தில் விரிசல் கம்பியின் போக்கிலேயே ஓடும், பழுப்புக் கறையும் காணும். இரண்டிற்கும் மருந்து வேறு.

அளவும் வேகமும்

மேற்கூறியவற்றிலிருந்து தொய்ந்த கூரையை மதிப்பிடும் நெறி கிடைக்கிறது. 25 மி.மீ. தொய்வு என்னும் ஒற்றை அளவு எதையும் உறுதிப்படுத்துவதில்லை. எண்பதாண்டுகளுக்குமுன் தொய்ந்து, இன்று அசையாமல் நிற்கும் கட்டை முதல்நிலை ஊர்வை முடித்துக்கொண்டது. சென்ற மழைக்கும் இந்த மழைக்கும் இடையே 3 மி.மீ. இறங்கிய கட்டையோ இறுதிநிலையில் இருக்கக்கூடும், அல்லது அதன் சுவர்முனை மட்கியிருக்கக்கூடும்.

வேகத்தை அறியப் பெருங்கருவி வேண்டியதில்லை. கொத்தனார் நூல் பிடித்துப் பார்க்கும் முறையே போதும். கட்டையின் இரு முனைகளுக்கும் இடையே நூலை இழுத்துக் கட்டி, நடுவிலுள்ள இடைவெளியை அளந்து, நாளுடன் குறித்து வைக்க வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் இவ்வாறு சில ஆண்டுகள் அளந்தால் வேகம் கூடுகிறதா, குறைகிறதா என்பது தெளிவாகும். விரிசலின் குறுக்கே ஒட்டிய மெல்லிய கண்ணாடித் துண்டு உடைகிறதா எனப் பார்ப்பதும் பழைய முறை. அளவை வளரும் வேகம் கூடினாலோ, சுவருக்குள் புதைந்த கட்டைமுனை மென்மையுற்றாலோ காத்திராமல் முட்டுக்கொடுத்துக் கட்டமைப்புப் பொறியாளரை அழைத்தல் வேண்டும்.

முடிவுரை

இக்கட்டுரையின் வழிப் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. ஊர்வு என்பது மாறாச் சுமையின்கீழ்க் காலத்தால் விளையும் திரிபு. தொய்வு அதன் புலப்பாடுகளுள் ஒன்றே. இவ்விரு சொற்களையும் வேறுபடுத்தி ஆள்வது கட்டட ஆய்வறிக்கைகளில் தெளிவைத் தரும்.

2. தமிழ்நாட்டில் வழங்கும் திரிபு, இலங்கையில் வழங்கும் விகாரம் ஆகிய இரண்டும் இலக்கண மரபில் வேரூன்றிய சொற்கள். கலைச்சொல் தொகுப்புகள் இரண்டையும் ஒருங்கே பதிவு செய்தல் நன்று.

3. ஒரே தேக்குக் கட்டை உலர்ந்தபோது அடையும் இறுதித் தொய்வைப்போல் நனைந்தபோது ஏறத்தாழ இருமடங்கு அடையும். பழங்கூரையைக் காத்தல் என்பது முதற்கண் நீரைத் தடுத்தலும், மேற்சுமையைக் கூட்டாதிருத்தலும் ஆகும்.

4. பழைய வண்ணச் சாளரங்களில் ஊர்வது ஈயமே, கண்ணாடி அன்று.

5. கட்டடத்தின் நிலையை அறிவிப்பது தொய்வின் அளவன்று, அது வளரும் வேகம். வேகத்தை அறிய இருமுறையேனும் அளந்தாக வேண்டும். ஒருமுறை பார்த்து இடிக்கச் சொல்வதும், ஒருமுறை பார்த்து அஞ்ச வேண்டாம் என்பதும் சான்றற்ற முடிவுகளே.